உறங்கும் முன் ஒரு மணி நேரம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தபொழுது, பழந்தமிழர் சிறப்பைப் பற்றி நாம் ஏதேனும் கூறுவோம் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அதற்குரிய புலமை நம்மிடம் இல்லை. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுபவர் நாம். ஆதலின், நம் வீட்டில் நடந்த ஒன்றை, நாமே செய்த பிழை ஒன்றை, பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட சிலவற்றை மட்டும் இங்கே சொல்ல முன்வந்தோம். பொருள் பார்வைக்குச் சிறியது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள நம் குழந்தைகளை இரவில் அமைதியாக உறங்கச் செய்வது எவ்வாறு? அந்த உறக்கத்திற்கு முன்னே கைபேசியும் தொலைக்காட்சியும் வந்து நிற்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? இவ்வளவே நம் பேச்சின் பொருள்.

தாராவியாயினும் மாதுங்காவாயினும் செம்பூராயினும், நம்மவர் வாழும் குடியிருப்பு ஒன்றில் இரவு ஒன்பதரை மணிக்குப் படியேறிச் செல்பவர் காணும் காட்சி யாது? ஒரு வீட்டில் குக்கர் சீழ்க்கையடிக்கிறது. ஒரு வீட்டில் மூத்த பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறான். இவற்றிற்கு நடுவே, பாயின் மேலோ கட்டிலின் மூலையிலோ ஒரு சிறு குழந்தை அசையாமல் அமர்ந்திருக்கிறது. அதன் முகத்தில் வெளிறிய ஒளி விழுந்துகொண்டிருக்கிறது. அது அழவில்லை, சிரிக்கவுமில்லை, கண் கொட்டுவதும் அரிதாயிருக்கிறது. 'எவ்வளவு சமர்த்தான குழந்தை!' என்று வியந்து மேலே செல்கிறோம். ஒரு மணி நேரம் கழித்து அதே படியில் இறங்கி வந்தால், அதே வீட்டிலிருந்து மூன்று வீடு கேட்கும்படி அழுகுரல் எழுகிறது. கைபேசியை வாங்கிவிட்டார்கள். குழந்தை உறங்கும்பொழுது மணி பதினொன்றரை. மறுநாட் காலையில் தந்தை வேலைக்கு ஓட வேண்டும். தாய் தண்ணீர் வரும் நேரத்திற்கு எழ வேண்டும். குழந்தையோ எழுப்ப எழுப்பச் சிணுங்குகிறது. இது ஒரு வீட்டுக் கதையன்று. நம்மில் பலர் வீட்டுக் கதை.

இதற்காகத் தாய்மார்களைக் குறை கூற நாம் எழவில்லை. கைபேசி குழந்தையின் கையில் வந்தது ஏன் என்பதை முதலில் நேர்மையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரில் முற்றம் இருந்தது; திண்ணை இருந்தது; அடுப்பில் உலை கொதிக்கும்பொழுது குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிலாக் காட்டப் பாட்டியோ அத்தையோ இருந்தார்கள். இங்கே, பத்தடிக்குப் பத்தடி அறையில், கொதிக்கும் எண்ணெய்க்கும் தவழும் குழந்தைக்கும் நடுவே ஒருத்தியே நிற்கிறாள். கணவர் குர்லாவிலோ தாதரிலோ வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறார். அந்த வேளையில், சமையல் முடியும்வரை குழந்தையை ஓரிடத்தில் இருத்திவைக்கக் கைபேசியன்றி அவளுக்குத் துணை யார்? இந்த உண்மையை மறந்துவிட்டு, 'கைபேசி தீது, கைபேசி தீது' என்று மேடையில் முழங்குவதால் ஒரு குழந்தையும் உறங்கப் போவதில்லை.

திரை நம் நகரத்திற்குப் புதிதும் அன்று. பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1972 அக்டோபர் 2 ஆம் நாள். அந்நாளில் மாலையில் சில மணி நேரமே நிகழ்ச்சி நடக்கும். பிறகு நிலையம் மூடப்படும். திரை உறங்கச் சென்ற பிறகு மனிதரும் உறங்கச் சென்றனர். கைபேசிக்கு அவ்வாறு மூடும் நேரம் கிடையாது. 2016 ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் இணையம் மலிந்தது. ஏழை வீட்டிலும் படம் ஓடத் தொடங்கியது. 2020 மார்ச்சு 25 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தபொழுது பள்ளிக்கூடமே கைபேசிக்குள் புகுந்துகொண்டது. மூத்த பிள்ளை பாடத்திற்காக வாங்கிய கருவி, பாடம் முடிந்தபின் இளைய பிள்ளையின் கைக்குப் போயிற்று. ஊரடங்கு நீங்கிய பிறகும் அப்பழக்கம் நீங்கவில்லை.

இனி, திரை உறக்கத்தை எவ்வாறு கெடுக்கிறது என்பதைக் காண்போம். அறிஞர் கூறுவனவற்றை நமக்கு விளங்கிய அளவிற் சொல்லுகிறோம்.

முதலாவது, ஒளி. இருள் சூழும்பொழுது நம் மூளையில் மெலடோனின் என்னும் சுரப்பு ஊறுகிறது. 'இரவு வந்தது, ஓய்வு கொள்' என்று உடம்புக்கு அறிவிக்கும் தூதன் அது. கண்ணில் ஒளி பட்டால் அத்தூதன் வரத் தயங்குகிறான். சிறு குழந்தையின் கண்மணி பெரிது. அதன் வில்லையோ மிகத் தெளிவு. ஆகவே பெரியவர் கண்ணைக் காட்டிலும் மிகுதியான ஒளி உள்ளே செல்லும். 2018 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தார், 3 முதல் 5 வயது வரையுள்ள 10 குழந்தைகளைப் படுக்கைக்கு முன் ஒரு மணி நேரம் வலிய ஒளியில் விளையாடச் செய்து சோதித்தனர். மெலடோனின் ஏறத்தாழ 88 சதவிகிதம் குறைந்தது. ஒளியை அணைத்து 50 நிமிடம் ஆன பின்னும் பெரும்பாலான குழந்தைகளிடம் அது முன்னிலைக்கு மீளவில்லை. அச்சோதனையில் பயன்பட்ட ஒளி கைபேசியினும் வலியது. சோதிக்கப்பட்ட குழந்தைகளும் சிலரே. எனினும், ஒளியை அணைத்த கணமே உறக்கம் வந்துவிடாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, காட்சியின் வேகம். குழந்தைகளுக்கென்று வரும் படங்களிற் பலவற்றில் நொடிக்கு நொடி நிறம் மாறுகிறது, ஓசை மாறுகிறது, உருவம் மாறுகிறது. குழந்தையின் உடல் அசையாதிருப்பினும் உள்ளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அசைவின்மையை அமைதி என்று நாம் மயங்கிக் கொள்கிறோம்.

மூன்றாவது, முடிவின்மை. பாட்டி சொல்லும் கதைக்கு முடிவு உண்டு. கைபேசியில் ஒரு பாட்டு முடியும் முன்னரே அடுத்த பாட்டு தானாக வந்து நிற்கிறது. முடிவே இல்லாத ஒன்றை முடிக்குமாறு இரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்பது எங்ஙனம் நியாயமாகும்?

நான்காவது, எளிய கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் உறக்கத்தையும் சேர்த்து, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும். இரவு பதினொன்றரைக்கு உறங்கிக் காலை ஏழு மணிக்கு எழும் இரண்டு வயதுக் குழந்தை, பகலில் ஒன்றரை மணி நேரம் உறங்கினாலும், மொத்தம் ஒன்பது மணி நேரமே ஆகிறது. நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரக் கடன். வாரத்திற்குப் பதினான்கு மணி நேரம். இந்தக் கடனைத்தான் பகலெல்லாம் பிடிவாதமாகவும் சிணுங்கலாகவும் உண்ண மறுப்பாகவும் குழந்தை நம்மிடம் வசூல் செய்கிறது.

திரையைப் பற்றியும் அதே நிறுவனம் கூறியிருக்கிறது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் திரை வேண்டா. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படாமல், குறைந்தால் நன்று. நம் நாட்டின் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021 இல் வகுத்த நெறியும் இதனையே ஒட்டியது. இரண்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு, உறவினரோடு எப்போதேனும் முகம் பார்த்துப் பேசுவது தவிர வேறு திரை கூடாது என்பது அவர் கூற்று. சுவீடன் நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு 2024 இல், உறங்கும் முன் திரை வேண்டா என்றும், இரவில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்றும் அறிவுரை கூறியது. படுக்கையறைக்கு வெளியே வைப்பதாம்! படுக்கையறையும் சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றேயாக உள்ள நாம் எங்கே கொண்டு வைப்பது? இதற்கு விடையைப் பின்னர்க் கூறுவோம்.

இப்பொழுது நம் பிழையைச் சொல்ல வேண்டும்.

நம் இளைய மகளுக்கு அப்பொழுது இரண்டே கால் வயது. நாம் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகும். கதவருகே வரும்பொழுதே அவள் ஓடி வருவாள். களைப்பு மிகுதியால் நாம் சுவரிற் சாய்ந்து அமர்ந்து, கைபேசியை எடுத்து அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவோம். அவள் நம் மடியில் அசையாமல் இருப்பாள். நாமும் கண்ணை மூடிக்கொள்வோம். 'நாள் முழுதும் பிரிந்திருந்த மகள் இப்பொழுது மடியில் இருக்கிறாள்; இதனினும் இன்பம் யாது?' என்று பல மாதங்கள் நாம் மகிழ்ந்திருந்தோம்.

ஒரு நாள் கைபேசியை அலுவலகத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்தோம். வழக்கம்போல் மகள் ஓடி வந்தாள். வந்தவள் நம் முகத்தைப் பார்க்கவில்லை. நம் சட்டைப் பையைப் பார்த்தாள். அது வெறுமையாக இருப்பதைக் கண்டதும், கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த பையைத் திறந்து பார்த்தாள். எங்கும் இல்லையென்று தெரிந்ததும் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். இத்தனை மாதங்களாக அவள் ஓடி வந்தது எதற்காக என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

அன்று இரவு அவளும் உறங்கவில்லை, நாமும் உறங்கவில்லை. குழந்தையிடம் பிழையில்லை. கொடுத்தவர் நாம். மனைவி சமையலுக்காகக் கொடுத்தது தேவை. நாம் கொடுத்தது சோம்பல்.

மறுநாள் தொடங்கி நாங்கள் இருவரும் கலந்து ஓர் ஏற்பாட்டைச் செய்தோம். அதை விளக்குவதற்கு நமக்குத் தெரிந்த ஒரே உவமை ரயில்தான். நம் மும்பைப் புறநகர் இருப்புப் பாதையில் வண்ண விளக்குக் கைகாட்டிகள் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பச்சை எரிந்தால் வண்டி தன் வேகத்திற் செல்லலாம். சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும். ஆயினும், பச்சையை அடுத்து உடனே சிவப்பைக் காட்டினால் வண்டி நில்லாது. ஓடும் வேகத்திற்கு அது சிவப்பைத் தாண்டிச் சென்றே நிற்கும். ஆகவேதான் இடையில் இரட்டை மஞ்சள், அடுத்து ஒற்றை மஞ்சள், அதன் பின்னரே சிவப்பு. 'வேகத்தை அடக்கு, நிற்பதற்கு ஆயத்தமாகு' என்று ஓட்டுநர்க்கு முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். நாமோ நம் குழந்தைகளுக்கு இரவு பத்தரை வரை பச்சையைக் காட்டிவிட்டு, திடீரெனக் கைபேசியைப் பறித்து, விளக்கை அணைத்து, 'உறங்கு' என்கிறோம். வண்டி நிற்குமா?

முதலில் இரட்டை மஞ்சள். உறங்க வேண்டிய நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் திரையை அணைத்தல். ஒன்பதரைக்கு உறங்க வேண்டுமெனில் எட்டரைக்கு அணைக்க வேண்டும். அணைப்பதிலும் ஒரு முறை உண்டு. 'இன்னும் இரண்டு நிமிடம், இன்னும் இரண்டு நிமிடம்' என்று எச்சரிப்பது நன்றென்றே நாம் நினைத்திருந்தோம். 2016 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளின் வீடுகளில் ஆராய்ந்து, அவ்வாறு இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தால் பிணக்கு மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை என்று கண்டனர். காட்சி தானே முடியும் இடத்தில் நிறுத்துவதும், நாள்தோறும் ஒரே வழக்கமாக நிறுத்துவதுமே எளிதாயின. எண்ணிப் பார்த்தால் காரணம் புலனாகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு நிமிடம் என்பது தெரியாது. பாட்டு முடிவது தெரியும். ஆதலின், அடுத்த படம் தானாக ஓடும் ஏற்பாட்டைக் கைபேசியில் முதலில் நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் குழந்தையின் விரலாலேயே அணைக்கச் செய்யுங்கள். பறிக்கப்பட்ட பொருளுக்காக அழும் குழந்தை, தானே மூடிய பொருளுக்காக அவ்வளவு அழுவதில்லை.

அணைத்த கைபேசி எங்கே போக வேண்டும்? சுவீடன்காரர் சொன்ன 'வெளியே' நமக்கு இல்லையல்லவா? அரிசி டப்பாக்களுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், மூடியுள்ள ஒரு பழைய மிட்டாய்த் தகரப்பெட்டியை வைத்தோம். எங்கள் இருவர் கைபேசியும் அதனுள்ளே செல்லும். இருவருடையதும் என்பதைக் கவனியுங்கள். தாயும் தந்தையும் தத்தம் திரையை நோக்கிக்கொண்டு குழந்தையை மட்டும் 'பார்க்காதே' என்றால், அது செல்லாத ஆணை. அவசர அழைப்பு வந்தால் மணியோசை கேட்கும். எழுந்து சென்று பேசலாம். காலையில் எழுப்ப வேண்டுமே என்பார்க்கு, விலை குறைந்த அலாரக் கடிகாரம் ஒன்று போதும்.

அடுத்தது ஒற்றை மஞ்சள். குழல்விளக்கை அணைத்து, மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றை ஏற்றுதல். அறை இருண்டதும் பேச்சும் தானே தாழ்கிறது. உணவை முன்னரே முடித்து, பல் துலக்கி, முகமும் கைகாலும் கழுவி, இரவு உடை மாற்றுதல். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள வீட்டில் குளியல் வேண்டுவதில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டாலே போதும். மழைக்காலத்தில் உள்ளங்காலில் சிறிது எண்ணெய் தடவிவிடுவது நம் பாட்டிமார் வழக்கம். என்ன செய்கிறோம் என்பதைக் காட்டிலும், நாள்தோறும் அதே வரிசையிற் செய்கிறோமா என்பதே முதன்மையானது. 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 7 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளின் தாய்மார் 405 பேர் பங்கு கொண்டனர். குளியல், உடம்பில் மெல்லத் தடவுதல், தாலாட்டு அல்லது அணைத்துக்கொள்ளுதல், பிறகு விளக்கணைத்தல் என்னும் வரிசையை இரண்டு வாரம் பின்பற்றியவர்களின் குழந்தைகள் விரைவில் உறங்கினர். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் தெளிந்தது. பணச்செலவில்லாத மருந்து இது.

இறுதியாகச் சிவப்பு. பாயை விரித்துப் படுக்கவைத்து, அருகிற் படுத்து, ஒரு கதையோ ஒரு பாட்டோ. பிறகு விளக்கை முற்றும் அணைத்தல். கதை புதிதாயிருக்க வேண்டுவதில்லை. பழைய கதையையே குழந்தை விரும்பும். நம் வீட்டில் காக்கையும் நரியும் ஐம்பது இரவுக்கு மேல் வந்து போயிருக்கின்றன. அடுத்து வருவது என்ன என்பது தெரிந்திருப்பதே குழந்தைக்கு ஓய்வு.

இவ்வாறு செய்தால் முதல் நாளே உறங்கிவிடுமா என்று கேட்பீர்கள். உறங்காது. நம் மகள் முதல் இரவில் நாற்பது நிமிடம் அழுதாள். இரண்டாம் இரவில் தகரப்பெட்டியைக் காட்டிக் காட்டி அழுதாள். அடுத்த வீட்டார் வந்து, 'குழந்தையை ஏன் வருத்துகிறீர்கள், கொடுத்துவிடுங்கள்' என்றனர். அழும் குழந்தையைத் தனியே விட்டுவிடாமல் தோளிற் போட்டுக்கொண்டு உலாவினோம். ஆனால் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு நாள் கொடுத்து மறுநாள் மறுத்தால், 'அழுதால் கிடைக்கும்' என்பதையே கற்பிக்கிறோம் அல்லவா? ஐந்தாம் இரவு அழுகை சிறு முணுமுணுப்பாயிற்று. இரண்டாம் வாரத்தின் முடிவில், எட்டரைக்குத் தானே கைபேசியை எடுத்து, 'பெட்டிக்கு' என்று நீட்டினாள். இன்றும் சில இரவுகள் தவறுவதுண்டு. மறுநாள் மீண்டும் தொடங்குவோம்.

பெரிய வியப்பை எதிர்பார்த்தலும் ஆகாது. 2024 இல் வெளிவந்த ஆங்கிலேய நாட்டு ஆய்வொன்றில், 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகள் உள்ள 105 குடும்பங்கள் சேர்ந்தன. அவற்றுள் ஒரு பகுதியார் படுக்கைக்கு முந்திய ஒரு மணி நேரம் திரையை நீக்கி, அமைதியான விளையாட்டும் புத்தகமும் கொடுத்து ஏழு வாரம் நடந்தனர். குழந்தைகளின் உறக்கம் ஓரளவு சீர்பட்டது. இரவு விழிப்பும் குறைந்தது. பயன் நடுத்தரமே, ஆனால் உண்மையான பயன். சிறிய பயனாயினும் நாள்தோறும் வருவது பெரிதாகும் என்பது, சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கும் நம் போன்றவர்க்குத் தெரியாததன்று.

நம்மவர் வீடுகளில் எழும் இடையூறுகள் சிலவற்றிற்கும் விடை கூறுதல் வேண்டும்.

சமையல் வேளையில் கைபேசியின்றி முடியாது எனில், கொடுங்கள். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தால், அந்த ஒரு மணி நேரத்தை மாலை ஏழு மணிக்கு முன்னே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அதனினும் சிறிய குழந்தையெனில், எவர்சில்வர்க் கிண்ணமும் கரண்டியும், ஒரு டம்ளரில் உளுந்து போட்டு மூடிய கிலுகிலுப்பையும் பல நாள் உதவும். மூடி திறக்காதவாறு இறுகக் கட்டியிருத்தல் வேண்டும்.

மாமியார் ஒன்பது மணித் தொடர் பார்ப்பாரே எனில், அவரை எதிரியாக்க வேண்டா. 'அத்தை, உங்கள் கதைதான் இவளுக்குப் பிடிக்கிறது, நீங்கள் சொன்னால் உடனே உறங்கிவிடுகிறாள்' என்று மருமகள் சொல்லட்டும். தொடரை மறுநாட் பகலிலும் பார்க்கலாம். பேத்தி கதை கேட்கும் வயது மறுநாள் வாராது.

ஊரிலுள்ள தாத்தா பாட்டி முகம் பார்த்துப் பேச விரும்பினால், அதனை மாலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பணி பார்க்கும் தந்தை என்ன செய்வார்? நம்மில் ரயில்வேயிலும் மருத்துவமனையிலும் ஆலையிலும் முறைப்பணி செய்வோர் பலர். படமின்றிக் குரலால் மட்டும் அழைக்கலாம். தாய் கைபேசியைக் கவிழ்த்து வைத்தால் திரை தெரியாது. அப்பாவின் குரல் மட்டும் இருளில் வரும். இரண்டு நிமிடம் பேசி நிறுத்தினால், குழந்தைக்கு அது தாலாட்டாகவே அமையும்.

நோயுற்ற நாளிலும், ஊருக்குச் செல்லும் நீண்ட ரயிற்பயணத்திலும் விதி தளரலாம். திரும்பி வந்த அன்றே மீண்டும் தொடங்குக. உறங்கச் செய்வதற்காக இருமல் மருந்து முதலியவற்றைக் கொடுப்பது மட்டும் எக்காலத்தும் கூடாது, அது ஆபத்து. குழந்தை உரக்கக் குறட்டை விட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதிருந்தாலோ, வயதுக்குரிய பேச்சு வாராதிருந்தாலோ, கைபேசியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கு அருகிலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது.

அன்பர்களே! தமிழ்ச் சங்கத்து மேடையில் இதனைப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாலாட்டு என்னும் சொல்லில் உள்ள 'தால்' என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள், குழந்தையின் பத்துப் பருவங்களுள் ஒன்றைத் தாலப் பருவம் என்றே வகுத்தனர். குழந்தையை உறங்கச் செய்வது நம் முன்னோர்க்கு இலக்கியமாக இருந்தது.

இந்நகரில் நம் குழந்தை தெருவில் இந்தி கேட்கிறது. அண்டை வீட்டில் மராத்தி கேட்கிறது. நாளைப் பள்ளியில் ஆங்கிலம் கேட்கும். அவையெல்லாம் வேண்டியவையே. தமிழ் எங்கே கேட்கும்? வீட்டில் மட்டும். வீட்டிலும், தாய்க்கு வேலை ஓய்ந்து தந்தை வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும். அந்த நேரத்தையும் கைபேசிக்குக் கொடுத்துவிட்டால், ஆண்டு விழாவில் நாம் எத்தனை சொற்பொழிவு ஆற்றினும், கேட்பதற்குத் தமிழ் தெரிந்த பிள்ளைகள் இரார். சிறு குழந்தை மொழியைக் கற்பது, தன்னைப் பார்த்துப் பேசி, தான் மறுமொழி சொல்லக் காத்திருக்கும் ஒரு முகத்திடமிருந்து. திரை பேசும், காத்திராது.

நம் மகள் இப்பொழுதும் கதவருகே ஓடி வருகிறாள். அன்றைக்கு வழியில் கண்ட காக்கை என்ன செய்தது என்று கேட்கிறாள். சொல்வதற்காகவே நாம் வண்டியின் சன்னல் வழியே காக்கை தேடிக்கொண்டு வருகிறோம்.

இன்று இல்லம் திரும்பியதும் ஒரு தகரப்பெட்டியைத் தேடி எடுங்கள். முதலில் உங்கள் கைபேசியை அதில் வையுங்கள். குழந்தையின் முறை பிறகு வரட்டும்.